தண்ணீர் கொடுத்தவன்

“சீ! அந்த வாயைக் கழுவிட்டு வா பாங். இல்லேன்னா இன்னைக்கு அந்தச் சேவல்கூடவே போய்ப் படுத்துக்கோ.”

“அதுக்கு மூச்சு முட்டுது ஓன். தொண்டை பூரா ரத்தமும் சளியும். யாராவது உறிஞ்சி எடுக்கணுமில்ல?”

“ஒரு இறகை விட்டு எடுக்கக் கூடாதா?”

“இறகு பாதியைத்தான் எடுக்கும். மீதிக்கு வாய்தான்.”

“இரு, அம்மாகிட்ட சொல்றேன். மாப்பிள்ளை பார்த்தப்ப இதையெல்லாம் ஏன் விசாரிக்கலைன்னு கேக்குறேன்.”

“போய்க் கேளு. இந்தச் சேவலுக்கு அரிசி ஊற வெச்சுத் தர்றதே உங்க அம்மாதான்.”

கல்யாணமான முதல் வருஷத்துப் பேச்சு அது. கணவன் கோசாலைக் கனிதா ‘பாங்’ என்பாள், அவன் அவளை ‘ஓன்’ என்பான்; இருவரும் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். இத்தனை காலம் கழித்து அது ஏன் இப்போது காதில் கேட்கிறது என்று கனிதாவுக்கு முதலில் புரியவில்லை. பிசித்தின் வீட்டு முற்றத்தில், முகமூடி, கண்ணாடி, முழு அங்கிக்குள் வியர்த்து வழிய, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள் அவள். புது வருஷத்துக்கு முந்தைய வெயில். மீகாங் கரையில் காற்று என்பதே இல்லை.

டாக்டர் மெங், பிசித்தின் மனைவி தவியிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“வீட்டுல கோழி ஏதாவது செத்துதாக்கா?”

“கோழியே இல்லையே டாக்டர். சேமியா பிழியற வீடு இது. கோழியை விட்டா மாவுல காலை வைக்கும். என் மாமியார் இருந்தப்பவே இங்க கோழி கிடையாது.”

“செத்த கோழியை யாராவது கொடுத்தாங்களா? சமைச்சீங்களா?”

“இல்லை.”

“சந்தையில கோழி வெட்டுற இடத்துப் பக்கம் அவர் போனாரா?”

“அவரா? மீன் வாங்கவே நான்தான் போகணும்.”

தவி பொய் சொல்கிறவள் மாதிரி இல்லை. பயந்தவள் மாதிரி இருந்தாள். அவள் கணவன் புனோம் பென் ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடந்தான். டெங்கு என்று ஊர் பேசிக்கொண்டது. டெங்கு இல்லை, பறவைக் காய்ச்சல் என்று முந்தின நாள்தான் பரிசோதனை சொன்னது.

பறவையிலிருந்து மனிதனுக்கு அந்தக் கிருமி எந்த வழியாக ஏறுகிறது என்று ஆராயும் குழுவில் கனிதா வேலை பார்த்தாள். பிரே வேங் மாகாணத்துக்காரி என்பதால் இந்தப் பக்கம் எது நடந்தாலும் அவளைத்தான் அனுப்புவார்கள். இந்தத் தடவை அனுப்பியது அவள் பிறந்த ஊருக்கே. வாய்க்கால் தாண்டினால் அவள் அம்மாவின் வீடு. வண்டி அந்தப் பக்கம் திரும்பாமல் வந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “இது வானத்துலேருந்து விழாது கனிதா. எங்கேயோ ஒரு பறவை இருக்கு. அதைத் தொட்ட வேற ஆளும் இருக்கான். அவனுக்கு இந்நேரம் காய்ச்சல் தொடங்கியிருக்கலாம். மாத்திரை உடனே போனா பிழைப்பான். பிசித்துக்கு மாதிரி லேட்டாப் போனா…” அவர் முடிக்கவில்லை. “அந்த ஆளைக் கண்டுபிடிச்சாகணும். அவ்வளவுதான் இன்னைக்கு வேலை.”

கனிதா தலையசைத்தாள். அவள் கண் வீட்டின் அடியில், தூண்களுக்கு நடுவே சுற்றியது. மாவு ஆட்டும் கல், விறகு, தொங்கும் ஊஞ்சல் வலை. மூலையில் சாக்குகளை மேலே போட்டு மறைத்த மூங்கில் கூடை ஒன்று, மணி போலக் குவிந்தது. அதன் விளிம்பு கை பட்டுப் பட்டுப் பளபளத்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பானை. எட்டிப் பார்த்தாள். மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரின் மிச்சம். துணிக்கொடியில் தவியின் சட்டைகளுக்கு நடுவே மஞ்சள் கறை படிந்த மெல்லிய துணி.

கோசால் சேவலைத் துடைத்துப் போட்ட அதே மாதிரித் துணியை அவள் தன் வீட்டுக் கொடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

“டாக்டர், நீங்க கொஞ்சம் வண்டியில ஏசி போட்டு உட்காருங்க.”

“என்னைத் துரத்துறியா?”

“ஆமா. நீங்க கோழி கோழின்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. சண்டைச் சேவலை இங்க யாரும் கோழிக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. அது வீட்டு ஆளு.”

டாக்டர் அவளைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், வண்டிக்குப் போனார்.

கனிதா தவியிடமிருந்து நாலு முழம் தள்ளிக் குந்தினாள். “அக்கா, சேவல் எங்க?”

“எந்தச் சேவல்?”

“கொசுவலைக்குள்ள படுத்திருந்த சேவல்.”

தவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “உனக்கு யாரு சொன்னா? ஆமா, அதுக்கு வலை, எனக்குக் கொசுக்கடி. பொண்டாட்டி காலை நீட்டினா ஆகாது, சேவல் றெக்கையை விரிச்சா இடம் விடுவாரு. செத்துப்போச்சுடி. வாழைக்கு அடியில பொதைச்சிருக்கு, அவரோட நல்ல க்ரமாத் துண்டுல சுத்தி. சண்டையில ஜெயிச்சுட்டுத்தான் வந்துது. வந்ததுலேருந்து தலை தொங்கிப்போச்சு. கொண்டையெல்லாம் நீலம். நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாரு.”

“ஏன் சொல்லலை?”

“போன வருஷம் சண்டைக் களத்துல போலீஸ் புடிச்சு ஆறு பேரைக் கொண்டு போனாங்களே, மறந்துட்டியா? மூச்சுவிட முடியாமக் கிடக்கிற ஆளுக்கு விலங்கு மாட்டணுமா?”

“களத்துல அதுக்கு வாய் வெச்சது அண்ணனா?”

“இதென்ன புதுசாக் கேக்குற? சொந்தக்காரன் களத்துல தொட்டா சேவலோட வேகம் போயிடும்பாங்க, விடுவாங்களா? தண்ணி கொடுக்க வேற ஆளு.”

இரண்டு சுற்றுக்கு நடுவில் சேவலை மடியில் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, வீங்கிய கண்ணைத் திறந்துவிட்டு, தொண்டையை அடைக்கும் ரத்தத்தை வாயால் உறிஞ்சித் துப்பி மறுபடி நிற்க வைப்பவனைத்தான் எங்கள் பக்கத்தில் தண்ணீர்க்காரன் என்போம். அது சேவலின் சொந்தக்காரனாக இருக்கவே கூடாது.

“தண்ணி கொடுத்தது யாருக்கா?”

தவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஆம்பளைங்க சமாசாரம். எனக்கெதுக்கு அது?” பிறகு, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, “வாய்க்காலுக்கு அந்தாண்ட போய்க் கேளு,” என்றாள்.

வாய்க்காலுக்கு அந்தாண்டை தண்ணீர்க்காரன் ஒருவன்தான், கோசால்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து கனிதா விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் மெங் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். “சொந்த பந்தத்தை நம்ம ஆளே விசாரிக்கக் கூடாது. விதி.”

“நீங்க கேட்டா இல்லைம்பான்.”

“நீ கேட்டா?”

“எனக்கும் இல்லைம்பான். ஆனா அவன் பொய் சொல்றப்ப எனக்குத் தெரியும்.”

டாக்டர் வண்டியைக் கிளப்பினார். “பத்தடி தள்ளி நில்லு. முகமூடியைக் கழட்டாதே. அழாதே, கண்ணாடி மூடிக்கும், எதுவும் தெரியாது.”

எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். கோசாலும் அப்படித்தான் வந்தான், ஒரு பெட்டியும் இரண்டு சேவல்களுமாக. நாலு வருஷம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் வேறோர் ஊரில், இந்தக் கிருமியால் செத்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு கனிதா திரும்பி வந்தாள். படியேறும்போதே, தூணில் சாய்ந்து உட்கார்ந்து சேவலின் அலகை வாயில் வைத்திருந்த கணவனைப் பார்த்தாள். அன்றைக்கு அவளால் சிரிக்க முடியவில்லை. கத்தவும் முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு புனோம் பென் போனவள்தான். இரண்டு வருஷமாகிறது.

பெண்ணே போன பிறகு மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் என்ன வேலை? அவனும் பெட்டியைக் கட்டினான். அவள் அம்மா சாவோன் விடவில்லை. “பெத்தது ஓடிப்போச்சு. வந்ததையும் விட்டுட்டா நெல்லை யாரு அறுக்கிறது?” என்று பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தாள்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் கனிதா எதிர்பார்த்தாள். கோசாலிடம் கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது. கேட்டு வாங்கினால் அது அதுவாக இருக்காது என்று பேசாமல் இருந்தாள். போனில் அம்மாவிடம் ஜாடையாகக் குறை சொன்னபோது, “நானும் அவன்கிட்ட சொல்லிப் பார்த்துட்டேன்,” என்றாள் சாவோன். “‘வீடு அவளோடது அத்தை. அவ வீட்டுக்கு அவ வர, வந்து ஒட்டிக்கிட்ட நான் யாரு கூப்பிட’ங்கிறான். ரெண்டும் கழுதைங்க.”

வண்டி நின்றது. தென்னை மரத்தடியில் சாவோன் புது வருஷத்துக்கு வாழையிலையில் பசையரிசியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு இது, சந்திரனுக்குப் போறவளா?” என்றாள் மகளின் வேஷத்தைப் பார்த்து. “ரெண்டு வருஷம் கழிச்சு வந்து அம்மா முன்னாடி மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிற. நான் அவ்வளவு நாறுறேனா?”

“அம்மா, கிட்ட வராதே. அங்கேயே இரு. அவர் எங்க?”

“எவர்?”

“அம்மா.”

“வயலுக்குப் போயிருக்கான்.”

“இந்த வெயில்லயா? அறுப்புதான் முடிஞ்சுபோச்சே?”

சாவோன் இலையைக் கட்டுவதில் மும்முரமானாள். மூங்கில் கட்டிலின் மேல் ஒரு தைல டப்பாவும், விளிம்பு தேய்ந்த பழைய வெள்ளிக் காசும் கிடந்தன. காசில் தைலம் இன்னும் மின்னியது. காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால், காற்று பிடித்துவிட்டது என்று தைலம் தடவிக் காசால் முதுகைச் சுரண்டி விடுவார்கள்.

“யாருக்கு சுரண்டினே?”

“எனக்குத்தான்.”

“உன் முதுகை நீயே சுரண்டிக்கிட்டியா?”

சாவோன் இலை கட்டுவதை நிறுத்தினாள். “காத்து புடிச்சிருக்கு அவனுக்கு, அவ்வளவுதான்,” என்றாள் மெதுவாக. “நேத்து சாயங்காலத்துலேருந்து. சுரண்டினேன், நல்லாச் செவந்து கோடு விழுந்துது. கஞ்சி குடிச்சான். சரியாயிடும்.”

மேலேயிருந்து இருமல் கேட்டது. வறண்ட இருமல். நின்று, மறுபடி வந்தது.

கனிதா மாடிப்படியின் அடியில் நின்றாள். கால் முதல் படியைத் தொடவில்லை. “கோசால்!” என்று கூப்பிட்டாள். அவனைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை.

க்ரமாவைத் தோளில் போர்த்திக்கொண்டு அவன் வெளியே வந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் மலர்ந்தது. அவள் போட்டிருந்த அங்கியைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. மேல்படியில் உட்கார்ந்தான்.

“கொஞ்சம் கேள்வி கேட்கணும். நீங்க அங்கேயே உட்காருங்க.”

“‘நீங்க’ளா?” அவன் தலையைத் திருப்பித் தன் பின்னால் பார்த்தான். “யாராவது பெரிய மனுஷன் நிக்கிறாரா?”

“வீட்டுல எத்தனை பேர் தூங்குறீங்க?”

“மூணு பேர். அத்தை கீழ. நான் மேல. இன்னொருத்தி புனோம் பென்ல.”

“நோயுள்ள பறவை எதையாவது தொட்டீங்களா?”

“இல்லை.”

“பிசித்தோட சேவலை?”

“அவன்கிட்ட சேவல் இருக்கா என்ன?”

அவன் பொய் சொல்லும்போது இடது கைக் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மறைத்துக்கொள்வான். இப்போதும் மறைத்தான்.

“செத்துப்போச்சு அது. தவியக்கா சொல்லிட்டாங்க. களத்துல அதுக்குத் தண்ணி கொடுத்தது யாரு?”

“போலீஸ்காரி ஆயிட்டியா?”

“நீ கொடுத்தியா?”

“இங்க பாரு.” அவன் இருமி, மூச்சை இழுத்துக்கொண்டு பேசினான். “நான் ஆமான்னு சொல்றேன்னு வெச்சுக்கோ. அடுத்து என்ன கேப்பே? கூட யாரு இருந்தா, எதிர்ச்சேவல் யாரோடது. அஞ்சு வீடு மாட்டும். அப்புறம் சாக்கோட ஆளு வந்து ஊர்ல இருக்கிற கோழி, வாத்து எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக் கொளுத்துவாங்க. பண்டிகைக்குப் புள்ளைங்க ஃபேக்டரியிலேருந்து வருதுங்க. அதுங்களுக்கு ஆக்கிப் போடத்தானே எல்லாரும் வளர்த்து வெச்சிருக்காங்க? என் ஒருத்தன் வாயால அத்தனையும் போகணுமா?”

“உன் வாயாலதான் எல்லாமே வந்துது.”

சொன்ன பிறகுதான் அது எத்தனை கடுமையாக விழுந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. சாவோன் கீழேயிருந்து, “அடியே!” என்றாள்.

கோசால் எழுந்தான். “காத்துதான் புடிச்சிருக்கு. நாளைக்கு எழுந்து நடப்பேன். பிசித்தும் தேறிட்டான்னு சொன்னாங்க. அவன் வரட்டும், அவன்கிட்டயே கேட்டுக்கோ.”

“யாரு சொன்னா தேறிட்டான்னு?”

“டெங்குதானே? ஊரே சொல்லுது.”

“அவனால பேச முடியாது பாங். வாயில குழாய் விட்டிருக்கு.” கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தது. துடைக்க முடியவில்லை. “மிஷின்தான் மூச்சு விடுது அவனுக்கு. நெஞ்சுப் படத்தை நான் பார்த்தேன். ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கு, பஞ்சு அடைச்ச மாதிரி. அவன் அந்தச் சேவலை மடியில வெச்சுத்தான் இருந்தான். தண்ணி கொடுத்தவன் அதோட சளியை வாயில வாங்கியிருக்கான். அவனுக்கு இப்ப மாத்திரை போகலைன்னா, பிசித்துக்குப் பக்கத்துக் கட்டில்தான்.”

கோசால் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். நின்றபடியே இருந்தான். கட்டைவிரல் மெதுவாக வெளியே வந்தது.

“குழாயா?” என்றான்.

“ஆமா.”

“என் கையாலதான் துடைச்சு அனுப்பினேன் அந்தச் சேவலை. மூணாம் சுத்துலயே கரகரன்னு இழுத்துது. அடிபட்டதால சளின்னு நினைச்சேன். ரெண்டு தடவை உறிஞ்சினேன்.” அவன் சத்தமில்லாமல் மறுபடி உட்கார்ந்தான். “நான்தான்.”

சாவோன் கையிலிருந்த பசையரிசி தரையில் விழுந்தது.

கனிதா பையைத் திறந்தாள். “எதிர்ப்பக்கம் தண்ணி கொடுத்தது?”

“பேர் சொல்ல மாட்டேன்.”

“பாங்!”

“சொல்ல மாட்டேன். ஆனா நானே போன் போடுறேன்.” அவன் இடுப்பிலிருந்து போனை எடுத்து, அவளும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினான்.

“டேய், எங்கடா இருக்கே?”

“பனங்கள்ளு இறக்குற இடத்துல. ஏன், வர்றியா?”

“கள்ளை வெச்சுட்டுக் கீழ இறங்கு. ஹெல்த் சென்டருக்குப் போ. அன்னைக்குக் களத்துல இருந்தவன் எல்லாரையும் கூட்டிட்டுப் போ. பிசித்துக்கு டெங்கு இல்லை. சேவல்லேருந்து வந்துது.”

“உளறாதே. போதையா உனக்கு?”

“எனக்கும் வந்திருச்சுடா, மடையா. காய்ச்சல் இருக்கா உனக்கு?”

“தலைவலிதான்,” என்றது அந்தப் பக்கம், சின்னக் குரலில். “போனா போலீஸ் நிக்குமே?”

கோசால் அவளைப் பார்த்தான். அவள் பின்னால் திரும்பினாள். டாக்டர் மெங் எப்போது வண்டியை விட்டு இறங்கினாரோ, வேலிக்கு அருகில் நின்றிருந்தார். குரலை உயர்த்திப் போனுக்குக் கேட்கும்படி சொன்னார்: “தம்பி, நான் டாக்டர். சேவல் சண்டையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். எனக்கு உங்க மூக்குச் சளி போதும். உடனே போங்க.”

“போறேன்,” என்றது குரல். “டேய் கோசால், உன் பொண்டாட்டியா வந்திருக்கா?”

“ஆமா.”

“அப்ப நீ செத்தேடா,” என்று சொல்லிப் போனை வைத்தான்.

கோசால் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போனது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரட்டைக் கையுறை மாட்டிக்கொண்டு கனிதா படியேறினாள். இனி ஏற மாட்டேன் என்று போன படிதான், அதை நினைக்க அவளுக்கு நேரமில்லை. நீளமான பஞ்சுக் குச்சியை எடுத்தாள்.

“வாயைத் திற.”

“ரெண்டு வருஷம் கழிச்சுத் தொடுற. அதுவும் ரப்பரை மாட்டிக்கிட்டு.”

“பேசாதே. ஆ சொல்லு.”

அவன் தொண்டையின் அடியில் குச்சி பட்டதும் குமட்டினான். கண்ணில் நீர் தளும்பியது. அவள் நூற்றுக்கணக்கான பேருக்குச் செய்த வேலை. குச்சியைக் குழாயில் போட்டு மூடும்போதுதான் மூடி சரியாகத் திருகிக்கொள்ளாமல் வழுக்கியது.

மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் விழுங்கும் வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் சின்னக் கவ்வியை மாட்டினாள். எண் வந்தது. தொண்ணூற்று நான்கு. கொஞ்சம் யோசித்தது. தொண்ணூற்றொன்று.

டாக்டர் கீழேயிருந்து கேட்டார். “எவ்வளவு?”

அவள் சொன்னாள். அவர் உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

“அது நல்ல நம்பரா?” என்றான் கோசால்.

“பரவாயில்லை.”

“நீ பொய் சொல்றப்ப எனக்கும் தெரியும் ஓன்.”

சாவோன் படியேற வந்தாள். கனிதா கை நீட்டித் தடுத்தாள். “நீயும் மாத்திரை சாப்பிடணும். அவரைத் தொட்டிருக்கே, கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவியிருக்கே. பத்து நாள் இந்த வேலியைத் தாண்டக் கூடாது.”

“நான் என் மாப்பிள்ளைகூட ஆஸ்பத்திரிக்குப் போவேன்.”

“முடியாதும்மா.”

“யாரு அவனுக்குக் கஞ்சி கொடுப்பா? உப்பு போட்டாத்தான் குடிப்பான், கருவாடு வெச்சாத்தான் குடிப்பான். அந்த நர்ஸுங்களுக்குத் தெரியுமா?” சாவோன் அழுதாள். “காத்துன்னு நினைச்சேனே. சுரண்டிவிட்டுட்டுத் தைரியமா இருந்தேனே.”

“அத்தை, நீங்க சுரண்டினதால முதுகுவலி போச்சு,” என்றான் கோசால் மேலேயிருந்து. “வேற எதுவும் போகலை, அவ்வளவுதான்.”

ஆம்புலன்ஸ் வந்தபோது அண்டை வீட்டார் வேலிகளுக்குப் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. ஒரு கிழவர் மட்டும், “கோசாலு, என் வாத்தெல்லாம் போச்சாடா?” என்று கத்தினார். டாக்டர் மெங், பரிசோதித்துப் பார்த்துத்தான் எதையும் செய்வோம் என்று பதில் கத்தினார். கிழவருக்கு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

முகமூடி மாட்டிக்கொண்டு கோசால் தானே இறங்கி நடந்தான். பாதி வழியில் நின்றான். கனிதா அவன் முழங்கையைப் பிடித்தாள். சட்டைக்கு மேலாகவே சூடு தெரிந்தது. ஆம்புலன்ஸில் அவனை உட்கார வைத்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயைப் பொருத்தினார்கள். எண் தொண்ணூற்று மூன்றுக்கு ஏறி அங்கேயே ஆடியது.

அவளால் கூடப் போக முடியாது. வாழையடியில் புதைத்ததைத் தோண்ட வேண்டும். ஹெல்த் சென்டருக்கு வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நாளும் அவள் இந்த வீட்டிலேயே தங்குவதென்று டாக்டர் முடிவு செய்துவிட்டார்.

“வேடிக்கையைப் பாரு,” என்றான் கோசால், முகமூடிக்குள்ளிருந்து. “நீ வீட்டுக்கு வந்துட்டே, நான் கிளம்புறேன்.”

“வேலைக்குத்தான் வந்திருக்கேன்.”

“எதுக்கு வந்தா என்ன? உன் வீடு. நீ வர யாரும் கூப்பிட வேண்டியதில்லை. எப்பவும் வரலாம்.”

டிரைவர் கதவைச் சாத்த வந்தான். கனிதா கதவின் விளிம்பில் கை வைத்துத் தடுத்தாள்.

“கூப்பிடணும்,” என்றாள்.

“என்ன?”

“கூப்பிடணும் பாங். வீடு யாரோடதா இருந்தா என்ன? பண்டிகைக்குப் பண்டிகை புனோம் பென் ரூம் ஜன்னல்லேருந்து பஸ்ஸையே பார்த்துக்கிட்டிருப்பேன். யாரு யாரோ இறங்குவாங்க.” கண்ணாடி மூடிக்கொண்டது. அவன் முகம் தெரியவில்லை. தெரியாததால் பேச முடிந்தது. “இங்க வேலை முடிஞ்சதும் நான் திரும்பவும் புனோம் பென் போயிடுவேன். அங்கதான் இருப்பேன், எத்தனை நாளானாலும். நீ நல்லாகி, பஸ் ஏறி, என் ரூம் கதவைத் தட்டு. வந்து என்னைக் கூட்டிட்டுப் போ.”